ரிம் வளைந்துவிட்டதா? தட்டி நிமிர்த்தலாமா, புதிதாக மாற்ற வேண்டுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் டயர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். ‘காற்று நிற்க மாட்டேங்குது’ என்று வருகிறவர்களில் சிலருக்கு டயரில் ஆணியும் இருக்காது, ஓட்டையும் இருக்காது. கடைக்காரர் வீலைக் கழற்றி, பேலன்ஸிங் மெஷினில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: ‘‘டயர் நல்லாத்தான் இருக்கு சார். ரிம்தான் பெண்டு ஆயிருக்கு!’’

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். ‘‘அரை மணி நேரத்துல பெண்டு எடுத்துடலாம்’’ என்பார் ஒருவர். ‘‘புது வீல்தான் போடணும்’’ என்பார்கள் சர்வீஸ் சென்டரில். ‘‘அம்பாசிடர் வெச்சிருந்தப்போ சுத்தியலால தட்டித் தட்டியே வருஷக்கணக்கா ஓட்டினோம். இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கணுமா?’’ என்பார் வீட்டில் இருக்கும் பெரியவர்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்கள் ரிம் ஸ்டீலா அலாயா, எந்த இடத்தில் வளைந்திருக்கிறது, விரிசல் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால், யார் சொல்வதைக் கேட்பது என்ற குழப்பம் இருக்காது.

பள்ளத்தில் இறங்கும்போது என்ன நடக்கிறது?

பள்ளத்தில் சக்கரம் இறங்குவதால் ரிம் வளைவதில்லை. ஏறும்போதுதான் பிரச்னை. பள்ளத்தின் எதிர் விளிம்பில் டயர் மோதும்போது, சாலைக்கும் ரிம்முக்கும் இடையில் டயர் நசுங்குகிறது. வேகம் அதிகமாகவோ, டயரில் காற்று குறைவாகவோ இருந்தால் டயர் முழுவதுமாக அமுங்கி, அடி நேராக ரிம்மின் விளிம்பில் விழும்.

டயரின் பக்கவாட்டுச் சுவர் எவ்வளவு உயரமோ, அவ்வளவு பாதுகாப்பு. 185/65 ஆர் 15 என்று டயரில் எழுதியிருந்தால், டயரின் அகலம் 185 மி.மீ.; பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவிகிதம். அதாவது, சுமார் 120 மி.மீ. அழகுக்காக அதே காரில் 205/45 ஆர் 17 போட்டால், அந்த உயரம் 92 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருந்த மெத்தையில் கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போகிறது. பெரிய வீல் போட்ட கார்களில் ரிம் அடிக்கடி வளைவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பெரும்பாலும் ரிம்மின் உள்பக்க விளிம்புதான் வளையும். வெளிப்பக்கத்துக்கு ஸ்போக்குகள் முட்டுக்கொடுக்கும். காரின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கும் உள்விளிம்புக்கு அந்த முட்டு கிடையாது. அதனால்தான் கார் கழுவும்போது வெளியே பளபளவென்று தெரிகிற வீல், உள்ளே நெளிந்து கிடக்கும்.

அம்பாசிடர் கணக்கு இப்போது ஏன் செல்லாது?

பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கார்களில் ஸ்டீல் ரிம், உயரமான டயர், உள்ளே டியூப். காற்றைப் பிடித்து வைப்பது டியூபின் வேலை. ரிம்மின் விளிம்பு கொஞ்சம் நெளிந்தாலும் காற்று இறங்காது. தட்டி ஓரளவு நேராக்கினால் போதும், வண்டி ஓடும்.

இன்றைய கார்களில் இருப்பது டியூப்லெஸ் டயர். டயரின் ஓரத்தில் இருக்கும் தடித்த வளையத்தை ‘பீடு’ என்பார்கள். அது ரிம்மின் விளிம்பில் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் காற்று உள்ளே நிற்கும். டயர் ஒரு பாதி டியூப் என்றால், ரிம் மறுபாதி. விளிம்பில் சின்ன நெளிவு இருந்தாலும் அந்த இடைவெளி வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வாராவாரம் ஒரே டயருக்கு மட்டும் காற்று பிடிக்கிறீர்கள் என்றால், பஞ்சரைத் தேடுவதோடு ரிம்மையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வேகம். 185/65 ஆர் 15 டயர் ஒரு முறை சுழன்றால் கார் சுமார் 1.95 மீட்டர் நகரும். 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் ஒரு விநாடிக்கு 14 முறை சுழல்கிறது. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேருவதற்குள் இரண்டு லட்சம் தடவைக்கு மேல் சுழன்றிருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் ரிம்மின் ஒவ்வொரு பகுதியும் காரின் பாரத்தை ஒரு தடவை தாங்கி விடுகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் இல்லையா? பலவீனமான இடம் உள்ள ரிம்முக்கும் அதே கதைதான்.

ஸ்டீல் வளையும்... அலாய் விரியும்!

ஸ்டீல் ரிம் என்பது இரும்புத் தகட்டை உருட்டி, நடுவில் ஒரு தட்டை வைத்து வெல்டிங் செய்தது. ஸ்டீலுக்கு விட்டுக்கொடுக்கும் குணம் உண்டு. அடி விழுந்தால் வளையும், சட்டென்று உடையாது. விளிம்பு மட்டும் நெளிந்திருந்தால் நிமிர்த்திவிடலாம். ஆனால், நட்டு மாட்டும் துளைகளைச் சுற்றியோ, நடுத்தட்டிலோ, வெல்டிங் கோட்டிலோ வளைவு இருந்தால் மாற்றிவிடுவதுதான் சரி. புதிய ஸ்டீல் ரிம்மின் விலை அலாயைவிடக் குறைவு என்பதால், இதில் ரொம்ப யோசிக்கவும் வேண்டியதில்லை.

அலாய் வீல் வேறு ரகம். அலுமினியத்துடன் சிலிக்கான், மெக்னீசியம் கலந்த உலோகக் கலவையை உருக்கி அச்சில் வார்ப்பார்கள். பிறகு 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மீண்டும் 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைப்பார்கள். இந்தப் பக்குவத்தில்தான் அதற்கு முழு பலம் கிடைக்கிறது. சமையலில் பாகு பதம் போல; பதம் போனால் பொருள் அதேதான், குணம் வேறு.

தெருவோர கடையில் கேஸ் டார்ச்சை நேரடியாகக் காட்டி அலாயை நிமிர்த்தும்போது இந்தப் பதம்தான் கெடுகிறது. இரும்பைச் சூடாக்கினால் சிவக்கும். எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை அனுபவமுள்ள கொல்லர் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். அலுமினியம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமலேயே உருகும் நிலைக்குப் போய்விடும். இரும்பில் 30 வருட அனுபவம் உள்ள கைகூட இங்கே ஏமாறும். நிமிர்த்திய வீல் பார்க்க வட்டமாக இருக்கும். அந்த இடத்தின் பலம் குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இதனால்தான் கார் நிறுவனங்கள் பொதுவாக ‘மாற்றுங்கள்’ என்கின்றன. வெல்டிங் செய்வது, நிமிர்த்துவது, மீண்டும் கடைசல் பிடிப்பது எதையும் தங்கள் வீல்களுக்கு ஏற்பதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. உங்கள் காரின் கையேட்டில் இதுபற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்காக, சின்ன நெளிவு உள்ள எல்லா அலாயும் குப்பைக்குத்தான் என்றும் இல்லை. சரியான கருவி உள்ள இடத்தில், சரியான வளைவை மட்டும் சரிசெய்ய முடியும். எந்த வளைவு என்பதுதான் விஷயம்.

ரிம் வளைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

* முன் சக்கரம் என்றால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பின் சக்கரம் என்றால் நடுக்கம் சீட்டிலும் தரையிலும் தெரியும்.

* பேலன்ஸிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்றால் ரிம்மைச் சந்தேகிக்கலாம். பேலன்ஸிங் என்பது எடையைச் சமன்செய்யும் வேலை. வட்டம் கோணலாகிவிட்டால் ஈயக்கட்டி ஒட்டி அதை நேராக்க முடியாது.

* பெரிய பள்ளத்தில் விழுந்த மறுநாள் காலை, டயர் காற்று இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

* டயரின் பக்கவாட்டைக் கையால் தடவிப் பாருங்கள். கொப்புளம் போல வீக்கம் தெரிந்தால், உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். ரிம் எப்படி இருந்தாலும் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். அதற்குப் பஞ்சர் ஒட்டுவது போன்ற வைத்தியம் எதுவும் கிடையாது.

துல்லியமாக அளக்க, ‘டயல் கேஜ்’ என்ற கருவி இருக்கிறது. வீலைச் சுழற்றும்போது அது மேலும் கீழுமாக எவ்வளவு ஏறி இறங்குகிறது, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் காட்டும். ரிம்முக்கு அனுமதிக்கும் அளவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ, அதற்கும் கீழோதான் இருக்கும். அலாய் வீலுக்கு இன்னும் கறார்.

சிலர் நடுக்கம் தெரிகிற முன் வீலைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டீயரிங் நடுக்கம் நின்றுவிடும். ரிம் அப்படியேதான் இருக்கும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது மாதிரி.

எப்போது சரிசெய்யலாம்?

கீழே உள்ள எல்லாமே பொருந்தினால், ரிம்மைச் சரிசெய்யலாம்.

* வளைவு விளிம்பில் மட்டும், ஒரே இடத்தில் இருக்கிறது.

* ஸ்போக், நடுப்பகுதி, நட்டுத் துளைகள் ஆகியவற்றில் எந்தப் பாதிப்பும் இல்லை.

* டயரைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் பார்த்ததில் விரிசல் இல்லை.

* அந்த ரிம் இதற்கு முன்பு நிமிர்த்தப்பட்டதில்லை.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

* விரிசல் இருந்தால். தலைமுடி அளவு என்றாலும் சரி.

* ஸ்போக்கோ, ஸ்போக் வந்து சேரும் இடமோ வளைந்திருந்தால்.

* இரண்டு மூன்று இடங்களில் வளைந்து, வட்டமே முட்டை வடிவமாகியிருந்தால்.

* விளிம்பில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தால்.

* முன்பு நிமிர்த்திய அதே இடத்தில் மீண்டும் வளைந்திருந்தால்.

விரிசலை ‘ஆர்கான் வெல்டிங் வெச்சு அடைச்சுடலாம்’ என்பார்கள். வெல்டிங்கில் காற்றுக் கசிவு நின்றுவிடலாம். ஆனால், வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி உலோகத்தின் பதம் கெட்டுவிடும். அடுத்த விரிசல் வெல்டிங்கின் பக்கத்திலேயே தொடங்கும். ஓடும் வேகத்தில் அலாய் உடைந்தால் காற்று மெதுவாக இறங்காது, ஒரே நொடியில் போய்விடும். குடும்பத்தோடு போகிற காரில் அந்த ரிஸ்க் வேண்டாம். ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமே என்றும் யோசிக்காதீர்கள். ஸ்டெப்னி தேவைப்படுவது பெரும்பாலும் நடுவழியில், லக்கேஜோடு, ராத்திரி நேரத்தில்தான்.

விரிசல் இல்லாமல் நன்றாக நிமிர்த்தப்பட்ட ரிம்மை, காற்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டெப்னியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பெண்டு எடுக்கும் கடையில் கேட்க வேண்டியவை

ஒரு கடையின் தரத்தை, அவர்கள் வேலையைத் தொடங்கும் விதத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

‘‘டயரைக் கழற்றித்தான் செய்வீங்களா?’’ ஆமாம் என்றால் நல்லது. டயரோடு வைத்துச் சுத்தியலால் தட்டும் கடையில் ரிம்மின் உள்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

‘‘மெஷின்ல நிமிர்த்துவீங்களா, தட்டி எடுப்பீங்களா?’’ ஹைட்ராலிக் மெஷினில் வீலைப் பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுத்து நிமிர்த்துவது ஒரு முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். சுத்தியல் அடி அப்படியல்ல. ஓர் அடி தப்பினால் நெளிவு விரிசலாகிவிடும்.

‘‘விரிசல் இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க?’’ சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு எழும். நிமிர்த்துவதற்கு முன்பும் பின்பும் இதைச் செய்யும் கடை கிடைத்தால் தாராளமாக நம்பலாம்.

வேலை முடிந்ததும் டயரை மாட்டி, காற்று நிரப்பி, விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வரக் கூடாது. பிறகு பேலன்ஸிங். அந்தப் பள்ளம் சஸ்பென்ஷனையும் ஒரு கை பார்த்திருக்கும் என்பதால், அலைன்மென்ட்டும் பார்த்துவிடுவது நல்லது. வீல் நட்டுகளின் இறுக்கத்தை 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

புதிது வாங்கும்போது...

டயர் அளவு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும் எண்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 15 x 5.5 ஜே என்றால், விட்டம் 15 அங்குலம், அகலம் 5.5 அங்குலம். 4 x 100 என்றால், நான்கு நட்டுத் துளைகள். அவை 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கின்றன. ‘இ.டி.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண், வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்பதைச் சொல்லும். இது மாறினால், டயர் உள்ளே உரசும் அல்லது வெளியே துருத்தும்.

இந்தியாவில் வீல் ரிம்கள் மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. எனவே, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஒரிஜினல் மாதிரியே இருக்கும், விலை பாதி’ என்று விற்கப்படும் முத்திரையில்லாத அலாயைவிட, நல்ல ஸ்டீல் ரிம் எவ்வளவோ மேல்.

பட்ஜெட் இடித்தால் சென்னையில் பலர் போகும் இடம் புதுப்பேட்டை. பழைய ரிம் வாங்குவது தவறில்லை. பார்த்து வாங்க வேண்டும். உள்பக்கம் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெல்டிங் தழும்பு, அரம் வைத்துத் தேய்த்த தடம் இருந்தால் வேண்டாம். ‘பேலன்ஸிங் மெஷின்ல ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டுப் பணம் தர்றேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

விபத்தால் ஏற்பட்ட சேதம் என்பதால், முழு இன்ஷூரன்ஸ் எடுத்த காருக்கு ரிம்மை க்ளெய்ம் செய்ய வழி இருக்கிறது. ஆனால், கணக்குப் போட்டுப் பார்க்காமல் க்ளெய்ம் செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

உதாரணத்துக்கு, கார் வாங்கி நான்கரை வருடம் ஆகிறது. இதுவரை க்ளெய்ம் செய்ததில்லை. புதிய அலாய் வீலின் விலை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முதல் ஐந்து வயதுள்ள காரின் உலோக பாகங்களுக்குத் தேய்மானம் 35 சதவிகிதம். அது போக 5,850 ரூபாய். 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். மிச்சம் கையில் கிடைப்பது 4,850 ரூபாய்.

இப்போது இழப்பைப் பாருங்கள். க்ளெய்ம் செய்யாமல் இருந்திருந்தால், அடுத்த வருடம் 50 சதவிகிதம் நோ க்ளெய்ம் போனஸ் கிடைத்திருக்கும். வாகனச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய் தள்ளுபடி. க்ளெய்ம் செய்தால் அது பூஜ்யமாகிவிடும். அதற்கடுத்த வருடம் 20 சதவிகிதத்திலிருந்துதான் மீண்டும் ஆரம்பிக்கும் என்பதால், பிரீமியம் மாறாவிட்டால் இன்னொரு 2,400 ரூபாய் போகும். இரண்டே வருடத்தில் 6,400 ரூபாய் இழப்பு! 4,850 ரூபாய்க்காக 6,400 ரூபாயை விடுவானேன்?

‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ அல்லது போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் கணக்கு மாறும். டயர், ரிம் இரண்டுக்கும் தனியாக கவர் தரும் பாலிசிகளும் உண்டு. பம்பர், சஸ்பென்ஷன் என்று மற்ற பாகங்களும் அடிபட்டிருந்தால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே க்ளெய்ம் போடலாம். எப்படியானாலும், வேலையைத் தொடங்கும் முன்பே போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பள்ளத்துக்கு முன்...

வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்க்கலாம். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். குடும்பம், லக்கேஜ் என்று முழு பாரத்தோடு போகும்போது எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

தேங்கிய மழைநீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். பள்ளம் கண்ணெதிரே வந்து, தவிர்க்கவே முடியாது என்றால், பிரேக் பிடித்து வேகம் குறைத்து, சக்கரம் இறங்குவதற்குச் சற்று முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் காரின் பாரம் முன்பக்கம் சாய்ந்து, சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடி முழுக்க ரிம்முக்குத்தான் போகும்.

தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஸ்டெப்னி சிறிய அளவுடையது என்றால் அதில் எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் அது 80 கி.மீ.தான்.

மெக்கானிக் டயரைக் கழற்றியதும், ரிம்மின் உள்பக்கத்தை டார்ச் அடித்து நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விளிம்பில் வெறும் நெளிவுதான் என்றால் நிமிர்த்தலாம். கோடு போல ஏதாவது தெரிந்தால், பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள்.